பேச்சு மன்றத்துக்கு ஆள் சேர்த்த கதை

"அடுத்த வாரம் கட்டாயம் வருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் வரப்போவதில்லை என்பதைக் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். இது பிறவியில் வந்த திறமையல்ல. ஒரு பேச்சு மன்றத்தில் இரண்டு வருடங்கள் ஆள் சேர்க்கும் செயலாளராக இருந்ததில் வந்தது. "கட்டாயம்" என்பதை அழுத்திச் சொல்பவர் வரவே மாட்டார். "பார்ப்போம்" என்பவர் ஒருமுறை வந்து, பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போய், அதன்பின் என் அழைப்பை எடுக்கமாட்டார். "எனக்கு இதிலெல்லாம் விருப்பமில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்பவர்தான் நல்லவர். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

எங்கள் மன்றம் மேடையில் கூச்சமில்லாமல் தமிழில் பேசப் பழக்குகிற சங்கம். ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச வேண்டும். இன்னொருவர் எழுந்து அந்தப் பேச்சிலுள்ள நிறைகுறைகளைச் சொல்வார். கொரோனாவுக்கு முன்னால் முப்பது பேர் இருந்தோம். பிறகு கூட்டங்கள் ஒன்லைனுக்குப் போயின. ஒவ்வொருவராகக் கெமராவை அணைத்தார்கள், பிறகு மைக்கை அணைத்தார்கள், பிறகு தங்களையே அணைத்துக்கொண்டார்கள். மறுபடி நேரில் கூடியபோது ஐந்து பேர் மிஞ்சியிருந்தோம். கண்டி நகரத்தில் இருந்த பழைய இடமும் போய்விட்டது. கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கடையின் மேல்மாடியில் மண்டபம் கிடைத்தது. நாற்பது கதிரைகள். நடுவே நாங்கள் ஐந்து பேர். (மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி இருப்போம்.)

தலைவர் சிவபாலன் ஐயா. யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டியில் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர். நேரம் பார்ப்பவர் மேரி டீச்சர். அவரிடம் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள் உண்டு. சிவப்பைத் தூக்கினால் பேச்சை முடித்தாக வேண்டும். நான் செயலாளர். மீதி இருவர், வந்தால் உறுப்பினர்கள்.

அந்த நிலையில்தான் தலைமைச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மாத முடிவுக்குள் இருபது பேர் சேராவிட்டால் மன்றத்தின் பதிவு ரத்து.

சிவபாலன் ஐயா கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"யோகன் தம்பி, பதினெட்டு வருசமா நடந்த மன்றம். என்ர கையாலதான் மூட வேணும் எண்டு இருக்குதோ தெரியேல்லை."

"நான் பாத்துக்கிறேன் ஐயா," என்றேன். நாவலப்பிட்டியில் பிறந்து, கண்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் பத்து வருடங்களாக ஆட்களை இணங்கவைத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். இருபது பேர் எனக்கு ஒரு பொருட்டா என்ற நினைப்பு.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு அறிவித்தல் எழுதினேன். மன்றத்தின் பெயரைப் போட்டால் ஆட்கள் ஓடிவிடுகிறார்கள் என்பது அனுபவம். அதனால் போடவில்லை. (ஆர்வத்தைத் தூண்ட வேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். அந்த வீடியோக்காரனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.) எழுதியது இதுதான்:

"உங்கள் குரலை யாரும் கேட்பதில்லையா? மனதில் இருப்பதைச் சொல்ல இடமில்லையா? சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மண்டபத்துக்கு வாருங்கள். தயங்காமல் பேசுங்கள். நாங்கள் கேட்கிறோம்."

கீழே மண்டபத்தின் முகவரியும் என் தொலைபேசி எண்ணும்.

இருபது பிரதி எடுத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டையைச் சுற்றினேன். பஸ் தரிப்பிடத்தில் ஒன்று, மருந்துக்கடையில் ஒன்று. மேட்டு ஒழுங்கை என்ற சிறு தெருப் பக்கம் போனபோது ஒரு சந்தியில் கறுப்பு நிறத்தில் பெரிய தண்ணீர்த் தாங்கி வைத்திருந்தார்கள். ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். இத்தனை பேர் ஒரே இடத்தில் வேலையில்லாமல் நிற்பது ஒரு செயலாளரின் வாழ்க்கையில் ஒருமுறைதான் கிடைக்கும். தாங்கியிலேயே நான்கு அறிவித்தல்களை ஒட்டினேன். ஏன் வரிசையில் நிற்கிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை என் மனைவி வசந்தியையும் அழைத்துப் போனேன். வெறுங்கதிரைகளில் ஒன்றையாவது நிரப்பட்டும் என்பதற்காக.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. நிற்கவேயில்லை. பெண்கள், ஆண்கள், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. கதிரைகள் நிறையத் தொடங்கின. சிவபாலன் ஐயா அவசரமாகத் தலைசீவிக்கொண்டார். மேரி டீச்சரின் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

வசந்தி என் சட்டையை இழுத்தாள். "என்னங்க, எல்லார் கையிலயும் கேன் இருக்கு."

"கடைக்குப் போற வழியில வந்திருப்பாங்க."

"முப்பது பேருமா?"

"நீ கொஞ்சம் சும்மா இரு," என்றேன். (இந்த வசனத்துக்கான விலையை நான் இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.)

சிவபாலன் ஐயா வரவேற்புரை நிகழ்த்தினார். "ஒரு மனிசன்ர குரலை அடக்கினா, அவன்ர உரிமையை அடக்கினதுக்குச் சமன்" என்றார். அப்படி ஒரு கைதட்டலை அந்த மண்டபம் கேட்டதில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, சிங்களத்தில் பேசலாமா என்று கேட்டார். தாராளமாக என்றோம்.

அடுத்தது திடீர்ப் பேச்சு. ஒரு பெட்டிக்குள் தலைப்புகள் எழுதிய துண்டுகள் இருக்கும். ஒன்றை எடுத்து, அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். முதலில் வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு முஸ்லிம் பெண்மணி. எல்லாரும் அவரை ஹாஜரா ராத்தா என்றார்கள். துண்டைப் பிரித்து, "நான் ஒரு வண்ணத்துப்பூச்சியானால்" என்று வாசித்தார். மடித்து மேசையில் வைத்தார்.

"இதப் பொறகு பாப்பம். எங்கட மேட்டு ஒழுங்கைக்குத் தண்ணி வந்து இண்டைக்குப் பதினொரு நாள். மருமகள் புள்ளப் பெத்து நாப்பது நாளுக்குள்ள ஈக்கிறா. துணி அலச நான் ரெண்டு கேன் தூக்கிட்டு நூத்திப் பத்துப் படி ஏறுறேன். போன் பண்ணினா நாளைக்கு எண்டு சொல்றாங்க. அந்த நாளைக்கு எப்ப வரும்?"

மேரி டீச்சர் பழக்கதோஷத்தில் சிவப்பு அட்டையைத் தூக்கினார்.

"அந்தச் சிவப்பக் கொஞ்சம் கீழ வைங்க டீச்சர். நான் இன்னும் முடிக்கல்ல."

அடுத்தடுத்து ஏழு பேர் பேசினார்கள். ஒருவருக்கும் கூச்சமில்லை, கை நடுங்கவில்லை. நாங்கள் பதினெட்டு வருடங்களாகக் கற்றுக்கொடுக்க முயன்றதெல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. எனக்கு அப்போது விஷயம் விளங்கிவிட்டது.  ஆனால் நிகழ்ச்சி நிரலில் அடுத்ததாக என் பெயர் இருந்தது. பேச்சுகளை மதிப்பிட வேண்டும். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து மதிப்பிட்டேன்.

"ஹாஜரா ராத்தாவின் தொடக்கம் மிகவும் வலுவாக இருந்தது. சபையைப் பார்த்துப் பேசினார். கைகளை இன்னும் கொஞ்சம் பயன்படுத்தியிருக்கலாம்."

"கையில கேன் இருந்திச்சே மகன்," என்றார் அவர். "அது கெடக்கட்டும். தண்ணி எப்ப வரும்?"

 முப்பது முகங்களும் என்னைப் பார்த்தன. "மன்னிக்க வேண்டும், நாங்கள் தண்ணீர்க் கந்தோர் அதிகாரிகள் இல்லை" என்று சொல்ல ஐந்து விநாடி போதும். நான் சொல்லவில்லை. மன்றம் பிழைக்க இருபது பேர் வேண்டும், எதிரே முப்பது பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

"உங்கள் கருத்துகளை உரிய இடத்துக்குக் கொண்டுபோவோம். இந்தப் படிவத்தைக் கொஞ்சம் நிரப்பித் தாருங்கள்," என்றேன். உறுப்பினர் விண்ணப்பப் படிவங்களை வரிசை வரிசையாகக் கொடுத்தேன்.

வசந்தி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க நான் இன்னும் பயிற்சி பெறவில்லை.

இருபத்தேழு படிவங்கள் சேர்ந்தன. படியிறங்கும்போது சிவபாலன் ஐயா என் தோளைப் பிடித்தார். அவருக்கும் எல்லாம் விளங்கியிருந்தது. "தம்பி, இது சரியான வேலை இல்லை," என்றார். இரண்டு படி இறங்கியதும், "ஆனா இருபத்தேழு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் படிவங்களைப் பரப்பினேன். பெயர், முகவரி எல்லாம் ஒழுங்காக இருந்தன. "சேர விரும்புவதற்கான காரணம்" என்ற கட்டத்தில் ஒருவர் "தண்ணி இல்ல" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் "மூன்று பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகணும்" என்று. ஒரு படிவத்தில் மிக அழகான கையெழுத்தில், சிங்களத்தில்: "அப்பா படுக்கையில் இருக்கிறார். ஒரு நாளைக்கு நான்கு தடவை கழுவ வேண்டும்." அதை வசந்தி எடுத்து வாசித்தாள். பிறகு என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை லீவு போட்டேன். நானும் சிவபாலன் ஐயாவும் படிவங்களோடு தண்ணீர்க் கந்தோருக்குப் போனோம். முந்திய நாளே ஹாஜரா ராத்தாவுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருந்தேன். எங்களுக்கு முன்னால் அவர் மூன்று பெண்களோடு ஓட்டோவில் வந்து வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவழியாகச் சொன்னேன். "ராத்தா, ஒரு விஷயம். நாங்க தண்ணி ஆக்கள் இல்ல. பேச்சுப் பழக்குற மன்றம். அது உறுப்பினர் படிவம்."

"தெரியும் மகன்."

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும். தண்ணி ஆக்கள் கூட்டம் வெச்சா டீ குடுப்பாங்களா? நாங்க பேசி முடிக்கிற வரைக்கும் கேப்பாங்களா?"

"அப்ப ஏன் நிரப்பிக் குடுத்தீங்க?"

"எங்கயாவது எழுதிக் குடுக்கணுமே," என்றார்.

எங்கள் முறை வந்தது. மன்றத்தில் நான்கு தடவை சிறந்த பேச்சாளர் பட்டம் வாங்கியவன் நான். எனக்குச் சிங்களமும் தண்ணீர் பட்ட பாடு. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்து, என்ன விஷயம் என்று கேட்டார். "மதிப்புக்குரிய" என்று தொடங்கினேன். அதற்கப்பால் ஒன்றும் வரவில்லை. "ஆ" என்றேன். மறுபடியும் "ஆ" என்றேன். சிவபாலன் ஐயா மன்றத்துப் பழக்கத்தில் எனக்குப் பின்னால் என் "ஆ"க்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். (பிறகு கேட்டபோது ஒன்பது என்றார்.)

ஹாஜரா ராத்தா என்னை மெல்ல ஒரு பக்கமாக நகர்த்தினார். சரளமான சிங்களத்தில், குரலை உயர்த்தாமல், ஒன்றரை நிமிடம் பேசினார். கடைசியில் இருபத்தேழு படிவங்களையும் மேசையில் வைத்தார். அந்த மனிதர் மேலே இருந்ததை எடுத்து வாசித்தார். அது அழகான கையெழுத்துப் படிவம். எழுந்து உள்ளே போய்ப் பொறியியலாளரைக் கூட்டிவந்தார். மேல் வீதியில் வேறு வேலைக்காக மூடிய ஒரு வால்வை யாரும் திறக்கவில்லை என்று தெரியவந்தது. புதன்கிழமை மேட்டு ஒழுங்கைக்குத் தண்ணீர் வந்தது.

வியாழக்கிழமை ராத்தாவுக்குப் போன் பண்ணினேன். இப்போதாவது மன்றத்தில் உண்மையாகச் சேர முடியுமா, மற்றவர்களையும் அழைத்துவர முடியுமா என்று கேட்டேன்.

"அங்க வந்து என்ன பேசுற மகன்? தண்ணிதான் வந்துட்டுதே," என்றார்.

ஒருவரும் சேரவில்லை. மாத முடிவில் பதிவு ரத்தானது. சிவபாலன் ஐயா கடைசிக் கூட்டத்தை ஐந்து பேருக்கு முன்னால் முறைப்படி நடத்தி முடித்தார். இப்போது நாங்கள் மூன்று பேர் கண்டியிலுள்ள இன்னொரு மன்றத்தில் இருக்கிறோம். அங்கே ஆள் குறைந்துவருகிறது. ஆள் சேர்ப்பதில் எனக்கு அனுபவம் இருப்பதாக யாரோ சொல்லிவிட்டார்கள்.

மேட்டு ஒழுங்கையில் இன்றும் என்னை மரியாதையாக "தண்ணி சேர்" என்பார்கள். தெருவிளக்கு எரியாவிட்டால், குப்பை லொறி வராவிட்டால் எனக்குத்தான் போன் வரும். நானும் அலுத்துக்கொண்டே எழுதிக் கொடுக்கிறேன். வீட்டில் அந்த அழைப்புகளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. என் போன் அடித்தால் மகள் எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, உறுப்பினர்," என்பாள்.

போன வாரம் அவளே பருப்பில் உப்பில்லை என்று முணுமுணுத்தாள். வசந்தி கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "படிவத்தில எழுதி அப்பாகிட்ட குடு. உரிய இடத்துக்குக் கொண்டுபோவாரு."

உப்புப் போத்தலை எடுத்துவர நான்தான் எழுந்து போனேன்.