கோட்டில் குத்திய எதிர்நாயகி

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்காவும் எங்கள் மகள் வாலுவும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான். உங்கள் புண்ணியத்தில் அதற்கு வழியில்லாமல் போயிற்று. நீங்களாவது சௌக்கியமாக இருங்கள். திட்டு வாங்கவும் உடம்பில் தெம்பு வேண்டுமல்லவா?

வாலு வாசித்துப் புரிந்துகொள்ளும் தேர்வில் தேறவில்லை என்று உங்களுக்குப் போன் செய்தேன். கதையை ஒரே மூச்சில் படித்துவிடுகிறாள். ‘மையக்கருத்து என்ன, கதைக்களம் எது’ என்று கேட்டால் மின்விசிறியைப் பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை மறுதேர்வு. அதிலும் போனால் அதே வகுப்பில் இன்னொரு வருடம். வாத்தியாராயிற்றே என்று உங்களைக் கேட்டால், “அத்தான், ரொம்ப சுலபம். ஒவ்வொரு சொல்லையும் சீட்டுல எழுதுங்க, பக்கத்துலயே தெரிஞ்ச ஆளை உதாரணமாப் போடுங்க, கண்ணுல படற இடத்துல எல்லாம் குத்தி வைங்க”ன்னீங்க. ஒரு சலவைக்கடைக்காரனிடம் சொல்கிற பேச்சா இது? எங்கள் கடையில் சீட்டைக் குத்தினால் அது துணியோடு போய்விடும்.

கடையில் கண்ணில் படுகிற இடம் எது? இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிற துணிகள்தான். வாலு குத்தினாள். திங்கட்கிழமை காலை நம் டெலிவரிக்காரர், கண்ணாடி போட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மகராசன், பேர்ச் சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சீட்டு இருப்பதைக் கவனிக்காமல் அத்தனையையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பல் டாக்டரின் வெள்ளை அங்கியில் “மிகைப்படுத்தல்: உள்ளதைவிடப் பெரிதாகச் சொல்வது. உதாரணம்: வலிக்கவே வலிக்காது.” வக்கீல் கோட்டில் “கற்பனை: நடக்காததை நடந்ததாகச் சொல்வது.” மனுஷன் அதோடயே வாதாடியிருக்கார், நீதிபதி சிரிச்சாராம், இவரு தன் பேச்சு பிடிச்சுப்போச்சுன்னு இன்னும் அரை மணி நேரம் இழுத்தாராம். கல்யாணப் பையன் கோட்டுல “முரண்: கதையில் சிக்கல் தொடங்கும் இடம்.” பொண்ணோட அப்பா அதை வாசிச்சுட்டு, “என்னய்யா சிக்கல்? இப்பவே சொல்லிடு”ன்னு அவன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாராம்!

அதெல்லாம் தொலையட்டும். தலைமையாசிரியை அம்மாவின் சாம்பல் நிறக் கோட்டின் முதுகில் என்ன தெரியுமா? “எதிர்நாயகி: கதாநாயகிக்குக் குறுக்கே நிற்பவர். உதாரணம்: எங்கள் தலைமையாசிரியை.” மறுதேர்வு நடத்துறது யாரு? அவங்களேதான்! பார்க்காம மாட்டிக்கிட்டுப் போய், காலைக் கூட்டத்துல ஒழுக்கத்தைப் பத்திப் பேசிட்டு, திரும்பி நடந்திருக்காங்க. அறுநூறு பிள்ளைங்க வாசிச்சாங்க. வாசித்துப் புரிந்தும் கொண்டார்கள்.

மச்சான், சிரிக்காதீங்க. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், இவள் எங்கேயும் நிற்கக் கூடாது. நீங்கள் உடனே அந்தம்மாவுக்கு எழுதி, தப்பெல்லாம் உங்களுடையது என்று ஒப்புக்கொள்ளுங்கள். எனக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எதிர்நாயகி என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. சீட்டெல்லாம் குழந்தை தானாக எழுதியது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தை என்றால் மன்னித்துவிடுவார்கள்.

உங்கள் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
வெந்துபோயிருக்கும்
உங்கள் அத்தான்

பி.கு.: தபாலில் போட மறந்த உறையைப் பிரித்து எழுதுகிறேன். அந்தம்மாவுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். வாலு தேறிவிட்டாள்! அவர்களே கடைக்கு வந்து சொன்னார்கள். சொல்லிவிட்டு அந்தச் சீட்டை இஸ்திரி மேசையில் வைத்து, “பரீட்சையில உங்க பொண்ணு எழுத்தைப் பார்த்தேன். இது அவ எழுத்து இல்ல. யாரு எழுதினது?” என்றார்கள். உங்கள் அக்கா என்னைப் பார்த்தாள். வாலுவும் என்னைப் பார்த்தாள். நான்தான் மச்சான். அவள் அர்த்தம் வாசிக்க வாசிக்க எனக்கு எல்லாம் புரிய ஆரம்பித்துவிட்டது, ஒவ்வொன்றுக்கும் ஆள் ஞாபகம் வந்தது, கை நிற்கவே இல்லை. “உதாரணம் சரியாத்தான் இருக்கு,” என்றார்கள், முகத்தில் துளி சிரிப்பில்லாமல். “பெரியவங்களுக்கு சாயங்கால வகுப்பு நானே எடுக்கிறேன். திங்கட்கிழமை வந்து ஆறாம் வகுப்புல சேருங்க.” வாலு இப்போதே எனக்குப் பென்சில் சீவிக்கொண்டிருக்கிறாள். தேறாவிட்டால் அப்பாவுக்கும் அதே வகுப்பில் இன்னொரு வருடமாம்.