மூன்றடிச் சந்தும் அப்புறம் சாரும்

குறள் உருவாய் வந்து மூவடி மண் கேட்டு, கேட்ட சொல்லின் ஈரம் காயுமுன் மூவுலகும் அளந்த சேவடிகளைத் தலைமேல் கொண்டு தொடங்குகிறேன். இன்று ஆவணித் திருவோணம்; அவன் அவதரித்த நன்னாள். நிலக்காரர் வாசலில் போய் நிற்பதையே தொழிலாகக் கொண்ட எங்கள் கூட்டத்தாருக்கு இதைவிடப் பொருத்தமான திருநாள் ஆண்டு முழுவதிலும் இல்லை.

இப்பூவுலகில் எதையும் கேட்காமலே பெற்றுவிடலாம் என்று மனமார நம்பியவர் ஒரே ஒருவர்தாம். குழந்தை அழுது கேட்கிறது. அடியார் பாடிக் கேட்கிறார். பெங்களூர் ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் கேட்கிறார். எங்கள் அப்புறம் சார் மட்டும் ஒன்றையும் கேட்டதில்லை.

முதலில் எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மின்கம்பியும் எரிவாயுக் குழாயும் கேபிளும் செல்ல வேண்டிய பாதையில் யாருடைய நிலமாவது குறுக்கே இருக்கும். அவரிடம் பேசி, வழி வாங்கித் தருவதே எங்கள் தொழில். விசிட்டிங் கார்டில் 'வழியுரிமை வல்லுநர்' என்று அச்சிட்டிருப்போம். ஊருக்குள் நுழைந்தால், "லைன்காரன் வந்துட்டான், நாயை அவுத்து விடு" என்பார்கள். இவ்வாறு நாயால் துரத்தப்பட்ட வக்கீல்கள், சர்வேயர்கள், மதிப்பீட்டாளர்கள் எல்லாரும் சேர்ந்து பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். மாதம் ஒரு கூட்டம், ஒரு சொற்பொழிவு, இளையவர்களுக்குப் பயிற்சி, இறுதியில் காராபாத் என்னும் கன்னட நாட்டு ரவை உப்புமா. நான் மதிப்பீட்டாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். கூட்டத் தொடக்கத்தில் இறைவணக்கம் பாடுவதும், முடிவில் காராபாத் அமிர்தம் என்று சான்றளிப்பதும் எனக்கு விதிக்கப்பட்ட கைங்கரியங்கள்.

அப்புறம் சாரின் இயற்பெயர் உறுப்பினர் பதிவேட்டில் இருக்கக்கூடும், பார்த்தவர் இல்லை. நிலக்காரர் வீட்டுக்குப் போனால் மாடு, மழை, மருமகன், முழங்கால் வலி என்று எல்லாவற்றையும் விசாரிப்பார். நிலத்தைப் பற்றி மூச்சு விடமாட்டார். காபி குடித்து முடித்ததும், "அப்புறம்... நான் வரட்டுங்களா?" என்று எழுந்துவிடுவார். மறுநாளும் போவார். இப்படியே பத்துப் பதினைந்து காபி ஆனபின், நிலக்காரருக்கே பொறுக்காமல், "யோவ், நீ எதுக்குத்தான்யா வர்றே?" என்று கேட்டு, தாமே கையெழுத்தும் போட்டுவிடுவார். கேட்டு வாங்கிய வழி ஒருநாள் வழக்குக்கு வரும் என்பதும், தானாக வந்த வழிதான் நிலைக்கும் என்பதும் அவருடைய சித்தாந்தம்.

தொழிலில் மட்டும் அன்று, ஓட்டலிலும் அப்படித்தான். சர்வர் வந்து நின்றால், "எந்த ஊருப்பா? அம்மா சௌக்கியமா?" என்பாரே ஒழிய, தோசை என்று சொல்லமாட்டார். சொன்ன நாங்கள் காத்திருப்போம். சொல்லாத அவருக்கு நெய்த் தோசை வரும், கெட்டிச் சட்னியோடு. பெண் பார்க்கப் போனபோதும் பெண்ணைக் கேட்கவில்லையாம். பெண்ணின் தகப்பனாரோடு தேங்காய் விளைச்சலைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டு எழுந்தாராம். வாசல்வரை கூடவே வந்த பெண்வீட்டார், "அப்போ முகூர்த்தம் எப்போ வெச்சுக்கலாம்?" என்று கேட்டார்களாம்.

சங்கத்தில் இளையவர்களுக்காக நாங்கள் நடத்தும் பயிற்சிகளுள் ஒன்று, பேச்சுவார்த்தை நாடகம். ஒருவர் விவசாயியாக நடிப்பார். மற்றவர் வழி கேட்பார். ஒருமுறை சங்கத் தலைவரான சர்வேயர் விவசாயி வேடம் பூண்டார். எக்காரணம் கொண்டும் இசையக் கூடாது என்பது அவருக்கு இட்ட கட்டளை. எதிரே அப்புறம் சார்.

"மாடு இருக்குங்களா?" என்று தொடங்கினார்.

"ரெண்டு இருக்கு," என்று கற்பனையில் வாங்கிக் கட்டினார் தலைவர்.

"கறவையா?"

"ஒண்ணு சினை."

"அடடா, சினை மாட்டை வெச்சுக்கிட்டு வெளியில வந்து உக்காந்திருக்கீங்களே! தீவனம் என்ன போடறீங்க?"

வாழ்நாளில் மாட்டின் அருகே போயிராத தலைவருக்கு வியர்த்துவிட்டது. தீவனம், கொட்டகை, கன்று ஈனும் நாள் என்று பேச்சு ஓடியது. நேரம் முடிந்து மணி அடித்ததும் அப்புறம் சார் எழுந்து, "அப்புறம்... வரட்டுங்களா?" என்றார்.

"என்ன சார், கிளம்பறீங்க? லைன் எந்தப் பக்கம் போகுதுன்னு சொல்லவே இல்லையே! என் நிலத்துலயே போட்டுக்கோங்க சார்!" என்று கத்தினார் தலைவர்.

"நீங்க குடுக்கக் கூடாதுன்னுதானே பேச்சு!" என்று செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். செயலாளர் ஒரு வக்கீல். நோட்டீஸ் அனுப்பாமல் தீபாவளி வாழ்த்துக்கூடச் சொல்லாதவர்.

மூவடி கேட்டவனைப் பற்றி நான் பாடும்போதெல்லாம் அப்புறம் சார் கண்மூடிக் கேட்பார். பிறகு என் அருகே வந்து மெல்லச் சொல்வார்: "பாட்டு பிரமாதம் சாமி. ஆனா பெருமாள் ஒரு தப்புப் பண்ணிட்டார். வாயத் தொறந்து கேட்டுட்டார். நாலு நாள் போயி உக்காந்திருந்தா அந்த ராஜா தானா குடுத்திருப்பான். அசுர குருவும் நடுவுல வந்து காரியத்தைக் கெடுத்திருக்க மாட்டார்." பகவானுக்கே தொழில் கற்பிக்கும் இம்மனிதரை என்ன செய்வது? நான் காதைப் பொத்திக்கொள்வேன். உள்ளூரச் சிரித்தும் கொள்வேன்.

இப்படிப்பட்ட சங்கம், உறுப்பினர்களின் சந்தாவைச் சேர்த்து, ஜீவனஹள்ளியிலேயே ஒரு பழைய கட்டடத்தைச் சொந்தமாக வாங்கியது. முன்னால் ஒரு மாவு மில். அதன் பக்கவாட்டில் மூன்றடி அகலச் சந்து. சந்தின் கோடியில் எங்கள் கட்டடம். பத்திரத்தை வக்கீல்கள் பார்த்தார்கள். மனையைச் சர்வேயர்கள் அளந்தார்கள். விலையை மதிப்பீட்டாளர்கள் மதித்தார்கள். சந்து யாருடையது என்று ஒருவரும் பார்க்கவில்லை. மற்றவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டோம். கல்யாணத்துக்கு எல்லாரும் பட்டுடுத்தி வந்து, தாலியை மட்டும் யாரும் எடுத்துவராத கதை. சந்து, மில் நடத்தும் முனியம்மாவுக்குச் சொந்தம். ஊருக்கெல்லாம் வழி வாங்கித் தரும் சங்கத்துக்குத் தன் வீட்டுக்குப் போக வழி இல்லை.

முனியம்மா அதைப் பெரிதுபடுத்தவில்லை. எங்களைப் பார்த்தால், "போங்க சார், பார்த்துப் போங்க, மாவு வழுக்கும்" என்பார். செயலாளருக்குத்தான் கை அரித்தது. நெடுங்காலப் பயன்பாட்டினால் அச்சந்தில் சங்கத்துக்கு உரிமை பிறந்துவிட்டதாக ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். மறுநாள் சந்தின் குறுக்கே சங்கிலி தொங்கியது. சங்கிலியில் பூட்டு தொங்கியது. பூட்டின் சாவி முனியம்மாவின் இடுப்பில் தொங்கியது.

அதன்பின் நாங்கள் பின்பக்கத்து மெக்கானிக் ஷெட் வழியாக இரும்பு ஏணி ஏறி, மதில் தாண்டிச் சங்கத்துக்குள் குதித்தோம். பஞ்சகச்சத்தோடு நான் ஏறிய கோலத்தைக் கண்டு மெக்கானிக், "சாமி, கடலத் தாண்டப் போறீங்களா?" என்றார். அந்தப் பேறு அனுமனுக்கு மட்டுமே உரியது. என் அங்கவஸ்திரம் மதில்மேல் கண்ணாடிச் சில்லில் இன்றும் சிறிது இருக்கிறது.

பொதுக்குழு கூடியது. திருவோணத்தன்று நடக்கும் ஆண்டுவிழாவுக்குள் வழி கிடைக்காவிட்டால் கட்டடத்தை விற்றுவிட்டு, மாதம் ஒருநாள் ஏதாவது ஓட்டலில் கூடிக்கொள்வது என்று முடிவாயிற்று. எல்லாரும் தலையசைத்தார்கள். அப்புறம் சார் மட்டும் அசையவில்லை. மனைவி மறைந்தபின் காக்ஸ் டவுனில் மகன் வீட்டில் இருந்தார் அவர். மகனும் மருமகளும் கம்ப்யூட்டர் வேலை. பகலெல்லாம் வீட்டில் பேச ஆளில்லை. காலையில் சங்கத்தைத் திறந்து, விளக்கேற்றி, செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு, யாராவது உறுப்பினர் வருவாரா என்று வாசலைப் பார்த்திருப்பதே அவருக்கு வாழ்க்கை. எங்களுக்குக் கட்டடம் போகும். அவருக்குப் பொழுதே போய்விடும்.

"முனியம்மாவை என்கிட்ட விடுங்க," என்றார்.

மறுநாள் ஒரு பை கோதுமையோடு மில்லுக்குப் போனார். அதற்கு மறுநாளும் போனார். தினமும் போனார். மாவு மலைபோல் குவிந்தது. உறுப்பினர் வீடுதோறும் பொட்டலம் வந்தது. எங்கள் அகத்தில் அரிசி என்ற தானியம் இருந்ததே மறந்துபோயிற்று. அக்காரவடிசில் கண்டருளிக்கொண்டிருந்த பெருமாள் கோதுமை அல்வா கண்டருளத் தொடங்கினார்.

செயற்குழுவில் செயலாளர் கேட்பார்: "சந்து விஷயம் என்ன ஆச்சு?"

"பாவம் சார், அந்தம்மா பொண்ணுக்குப் பொம்மசந்திரா ஃபேக்டரியில ஷிஃப்ட் மாத்திட்டாங்க. தூக்கமே இல்லையாம்."

"நான் சந்தைக் கேட்டேன்!"

"மில்லு பெல்ட் வேற அடிக்கடி நழுவுது."

"சந்து, சார், சந்து!"

"அப்புறம்," என்பார் அப்புறம் சார்.

சென்ற ஆண்டுத் திருவோணம் வந்தது. சங்கிலி அப்படியே இருந்தது. தலைமை விருந்தினராக வந்த ஓய்வுபெற்ற பொறியாளர் நல்ல கனத்த சரீரம் உடையவர். ஏணியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "ஏணிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்றார். வேறு வழியின்றி எல்லாரும் மில்லின் எதிரே தெருவில் நின்றோம். செயலாளர் சட்டைப் பையில் விற்பனைத் தீர்மானம் தயாராக இருந்தது. அப்புறம் சார் வழக்கம்போல் கோதுமைப் பையோடு மில்லில் ஒரு டின்மேல் அமர்ந்திருந்தார். முகம் மட்டும் வழக்கம்போல் இல்லை.

முனியம்மா மில்லை நிறுத்தினார். தெருவே அமைதியாயிற்று.

"இன்னா சார், இன்னிக்கி உங்க சங்கத்துல விசேஷமா?"

"ஆமாம்மா. திருவோணம்."

"எல்லாரும் ரோட்டுல நிக்கிறாங்க."

"ஆமாம்மா. வெயில் வேற."

"உள்ள போணுமா?"

"போனா நல்லாத்தான் இருக்கும்."

"சங்கிலி போட்டுக் கீதே."

"பார்த்தேம்மா."

செயலாளர் பல்லைக் கடித்தார். "கேளுங்க சார்! கேட்டுத் தொலைங்க!"

"நீ சும்னிரு வக்கீலு," என்று அவரை அடக்கிவிட்டு, முனியம்மா அப்புறம் சார் பக்கம் திரும்பினார். "ஏன் சார், தெனம் வந்துக்கினு கீற. என் முட்டி வலியக் கேட்ட. என் பொண்ணு ஷிஃப்டக் கேட்ட. பெல்ட்டு அறுந்தா அதையும் கேட்ட. சந்த மட்டும் ஏன் கேக்கல?"

"அது... நீங்களே சொல்வீங்கன்னு..."

"நா ஏன் சொல்லணும்? எனுக்கா வழி வேணும்? அந்த வக்கீலு கேக்காமலே தன்னுதுன்னு எழுதினாரு. நீ கேக்காமலே கெடைக்கும்னு குந்திக்கினு கீற. ரெண்டு பேருக்கும் இன்னா வித்தியாசம்? அவரு பேப்பரு, நீ கோதும!"

நான் அறிந்தவரை அப்புறம் சாரின் சித்தாந்தத்துக்கு இத்தனை சுருக்கமான மறுப்பு எந்த மடத்திலும் எழுதப்பட்டதில்லை.

"வாயத் தொறந்து ஒரு வாட்டி கேளு சார்," என்றார் முனியம்மா. குரல் தணிந்திருந்தது.

அப்புறம் சார் எழுந்து நின்றார். "அம்மா... இந்த வெயில்..."

"வெயில வுடு."

"அப்புறம்..."

"அப்புறம் இல்ல. இப்ப."

மாப்பிள்ளைக் கோலத்தில்கூட அவர் அப்படி நாணியிருக்கமாட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அம்மா, உங்க சந்து வழியா... நாங்க போயிட்டு வரலாமா?"

"போ சார். இதுக்கா இத்தன மாசம்?" முனியம்மா சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். சங்கிலி விழுந்த ஓசை எனக்குக் கோயில் மணியாகக் கேட்டது.

செயலாளர் முதல் ஆளாய் நுழையப் பார்த்தார். முனியம்மா கையை நீட்டித் தடுத்தார். "அவரு கேட்டாரு. நீ கேட்டியா?"

"மேற்படி சந்தைச் சங்க உறுப்பினர்கள்..."

"மேற்படியெல்லாம் வேணா. வாயால கேளு."

"வரலாமாம்மா?" என்றார் செயலாளர், நோட்டீஸ் இல்லாமல், வாழ்வில் முதன்முறையாக. தலைவர் கேட்டார். தலைமை விருந்தினர் கேட்டார். என் முறையும் வந்தது. வாழ்நாள் முழுவதும் மூவடி கேட்டதைப் பாடியே வந்தவன், அன்றுதான் கைகூப்பி நின்று மூன்றடி கேட்டேன். "வா சாமி, மாவு வழுக்கும்," என்றார் அந்தத் தாய்.

விற்பனைத் தீர்மானம் அன்று காராபாத்தின் எண்ணெயை ஒற்றி எடுக்கப் பயன்பட்டது. சந்துக்கு ஒப்பந்தம் எழுதலாம் என்று செயலாளர் பிறகு ஒருமுறை ஆசைப்பட்டார். "எழுத்தெல்லாம் வேணா. வரசொல்லோ கேட்டுனு வாங்க," என்று சொல்லிவிட்டார் முனியம்மா. ஆகவே வழியுரிமை வல்லுநர் சங்கத்துக்கு இன்றளவும் வழியுரிமை கிடையாது. ஒவ்வொரு முறையும் மில் வாசலில் நின்று, "வரலாமாம்மா?" என்று கேட்டுத்தான் போகிறோம். இளையவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் பயிற்சியும் இப்போது அங்கேதான் தொடங்குகிறது.

சங்கிலி போய் ஓராண்டு ஆகிறது. அப்புறம் சார் இன்னும் தினமும் கோதுமைப் பையோடு மில்லுக்குப் போகிறார். இன்று காலை நான் சந்தில் நுழையும்போது முனியம்மா அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "சந்துதான் குடுத்துட்டேனே சார், இன்னும் இன்னாத்துக்கு வர்ற?"

"அப்புறம் சொல்றேம்மா," என்றார் அவர். முனியம்மா சிரித்துக்கொண்டே அவர் பக்கம் காபி டம்ளரை நகர்த்தினார்.

மூவடி பெற்றவன், பெற்றதோடு போய்விடவில்லை. கொடுத்த மன்னனின் வாசலிலேயே காவலாய் நின்றுவிட்டான் என்று பெரியோர் சொல்வர். ஏன் நின்றான் என்று எனக்கு இத்தனை நாள் விளங்கியதில்லை. டின்மேல் அமர்ந்து, உடம்பெல்லாம் மாவு படிந்து, திருமண் இட்டதுபோல் வெளுத்த நெற்றியோடு அவர் காபி குடித்த அழகைப் பார்த்தபோது விளங்கிற்று.

இதைப் படிக்கும் அன்பர் அனைவருக்கும் போகும் வழி தடையின்றித் திறந்திருப்பதாக; தடைப்பட்ட இடத்தில் கேட்க நாவும், கேட்டால் கொடுக்கும் நெஞ்சும், கொடுத்தபின் பிரியாத நட்பும் வாய்ப்பதாக. உலகளந்த சேவடிகள் உங்கள் இல்லங்களைக் காக்க.