அகராதி பாய் மடித்து வைத்த பக்கம்

உங்கள் பெயர் என்ன என்று கேட்டால்கூடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவரும் எங்கள் ஆம்பூரில், என் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருக்கிறார். ஊருக்கு அவர் அகராதி பாய்.

தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவர். கையால் ஒரு தடவு தடவினால் போதும், முதல் தரமா கழிவா என்று சொல்லிவிடுவார். பழுது தெரிந்தால் அடுத்த ஆள் பார்க்கட்டும் என்று தோலின் ஓரத்தை மடித்து வைப்பார். பழைய பேப்பர் கடையில் ஒரு தடித்த தமிழ் அகராதி வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் படிக்க ஆரம்பித்தார். அங்கேயும் அதே கைதான். சந்தேகமான சொல் ஏதாவது கண்ணில் பட்டால் உடனே பக்கத்தின் முனையை மடித்துவிடுவார். சந்தேகப்படுவதில் அவருக்குச் சலிப்பே கிடையாது. மடித்து மடித்துப் புத்தகம் தலையணை மாதிரி உப்பிப் போய்விட்டது.

உள்ளூர் கேபிள் சேனலில் ஞாயிறு காலை நேரலையில் ஒரு சொல் போட்டி. கலைத்துப் போட்ட எழுத்துகளில் சொல் அமைக்க வேண்டும், அந்தச் சொல் உண்டா இல்லையா என்று ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்புச் சொல்லும் தமிழாசிரியருக்கு ஒரு வாரம் காய்ச்சல். சேனல் ஓனர் பதறிப்போய் பாயை அள்ளிக்கொண்டு போனார். வாத்தியாருக்குக் காய்ச்சல் விட்டது, நாற்காலி மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் என் ஸ்கூட்டரில்தான் பாய் போவார். எங்கள் இருவருக்கும் நடுவில் அகராதி. நான் எட்டாவதோடு நின்றவன், விபூதி இல்லாமல் வாசல் தாண்டாதவன். அதனால் அவருக்கு நான் "சாமி".

"சாமி, கரண்ட் போய்ட்டா?"

"இன்வெர்ட்டர் இருக்குது பாய்."

"அதுவும் போய்ட்டா?"

"அப்ப டிவியே தெரியாது. உங்களுக்கு இன்னா பயம்?"

"அதான் பயம். நான் சரியா சொல்லி, அது ஒருத்தருக்கும் தெரியாம போய்ட்டா?"

தண்ணீர் குடிக்காவிட்டால் தொண்டை அடைக்குமே என்று பயம். குடித்தால் நடுவில் எழுந்து போக வேண்டி வருமே என்று பயம். எல்லாவற்றையும்விட, பார்க்காமல் ஒரு சொல்லைச் சொல்லிவிடுவோமோ என்று பயம். ஒருமுறை போட்டியில் "அம்மா" என்ற சொல் வந்தது. ஊரே பார்க்க, மனிதர் பக்கம் பக்கமாகப் புரட்டி, விரலால் தேடி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இருக்குதுங்க" என்றார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்த இறுதிப் போட்டி வந்தது. பரிசு ஒரு தையல் மெஷின். ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்யும் கஸ்தூரி என்ற பெண் கடைசிச் சுற்றில் "ஆவாரை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பாய் புரட்டினார். விரல் மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. நான் ஓரத்தில் நின்று முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"புஸ்தகத்துல இல்லம்மா."

"ஐயா, எங்க ஊட்டு வேலியிலயே இருக்குதே!"

"வேலியில இருக்கலாம்மா. புஸ்தகத்துல இல்ல."

எதிரே இருந்த கல்லூரிப் பையனுக்கு மெஷின் போனது.

ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டுப் பிழைத்த ஊர் இது. விடுமா? டீக்கடையில், "இன்னா பாய், பட்டைய ஊற வெச்ச கை, பேர மறந்துடுச்சா?" என்றார்கள். வாட்ஸ்அப்பில் அவர் முகத்துக்கு ஆவாரம்பூ மாலை போட்டார்கள்.

சாயங்காலம் பாய் அகராதியோடு என் வீட்டுக்கு ஓடி வந்தார். அந்தப் பக்கத்தில் வேறு ஏதோ ஒரு சொல்லுக்காக எப்போதோ முனையை மடித்திருக்கிறார். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு மடிப்பு ஒட்டியே போய்விட்டது. நகத்தால் பிரித்துக் காட்டினார். உள்ளே ஆவாரை.

"என் கை மடிச்ச மடிப்பு சாமி. அந்தப் பொண்ண நான் பொய்க்காரி ஆக்கிட்டேன்."

ஓனரிடம் போனோம். "வுடுங்க பாய், ரெண்டு நாள்ல ஜனங்க மறந்துடும்" என்றார் அவர்.

"அந்தப் பொண்ணு மறக்குமா?"

"லைவ்ல இதப் பேசினா சேனல் மானம் போய்டும். அப்புறம் அந்தச் சேர்ல வேற ஆளு. சொல்லிட்டேன்."

அந்த வாரம் பாய் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. அந்த நாற்காலிதான் அவருக்கு உலகம் என்பது எனக்குத் தெரியும். முருகா, இவர் வாயைத் திறக்கட்டும் என்று வேண்டுவதா, திறக்காமல் இருக்கட்டும் என்று வேண்டுவதா? புரியாமல் வெறும் கற்பூரம் மட்டும் ஏற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை, முதல் கேள்விக்கு முன்பே பாய் எழுந்தார். கேமராவுக்கு நேராகப் பக்கத்தைப் பிடித்து மடிப்பைப் பிரித்தார். விரலை அந்தச் சொல்லின்மேல் வைத்தார். "ஆவாரை இருக்குதுங்க. இல்லன்னு சொன்னது என் தப்பு. கஸ்தூரியம்மா சொன்னது சரி."

ஓனர் விளம்பரம் போடச் சொல்லிக் கத்துவதற்குள் போன் வந்துவிட்டது. ஒலிபெருக்கியில் கஸ்தூரியின் குரல்.

"மெஷின் கெடக்கட்டும் ஐயா. கம்பெனில எல்லாம் என்னை இல்லாத பேரு சொன்னவள்னு கூப்புடறாங்க. எல்லாருக்கும் கேக்கட்டும், இன்னொரு தபா படிங்க."

பாய் படித்தார். அர்த்தத்தோடு, நிறுத்தி நிறுத்தி, இரண்டு முறை.

மெஷின் கஸ்தூரிக்குப் போகவில்லை. நாற்காலி பாயிடம் இல்லை. இப்போது அதில் ஒரு செல்போன்காரர் உட்கார்ந்து ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்கிறார்.

அன்றைக்குத் திரும்பும்போது ரயில்வே கேட்டில் நின்றோம். கேட் மூடியிருந்தது. பாய் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார்.

"சாமி, எனக்குக் காதே அடச்சிப் போச்சு. அந்தப் பொண்ணு போன்ல சிரிச்சிச்சா, அழுதுச்சா?"

"சிரிச்சிச்சு பாய். நல்லா சிரிச்சிச்சு."

அவள் விம்மி விம்மி அழுததைக் கேட்டவன் நான். முருகா, பொய்தான். அந்த மனிதர் இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.