திருப்பிக் காட்டப்பட்ட நாற்பதாவது அட்டை

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். அந்த நாட்டின் பெயர் உவர்நாடு என்று நினைக்கிறேன். சொற்கள் நாற்பதா ஐம்பதா என்பதிலும் தடுமாற்றம் உண்டு; நாற்பது என்றே வைத்துக்கொள்கிறேன். அமைச்சர் எந்தக் கையில் அட்டையைப் பிடித்திருந்தார் என்று கேட்டால் தெரியாது. மாசானம்மாள் என்ற உப்பளத்துப் பெண் எவ்வளவு நேரம் பேசாமல் நின்றாள் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

உவர்நாட்டின் தெற்கு உப்பளத்தில் பாடுபட்டவர்களுக்குப் படிக்கத் தெரியாது. வடிவு என்ற இளம் ஆசிரியை, அன்றாடம் கண்ணில் படும் நாற்பது சொற்களை அட்டைகளில் எழுதி அவர்களுக்குக் காட்டினாள். அது, இது, நாங்கள், வீடு, உப்பு. முகத்தைப் பார்த்து ஆளை அறிவதுபோல இவற்றைப் பார்த்ததும் சொல்ல வேண்டும். மற்ற சொற்களை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்ளலாம். மூட்டையின் மேல் இருப்பது ‘உப்பு’ என்று முதன்முதலாகக் கண்டுகொண்ட நாளில், அவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமை அரண்மனைக்கு எட்டியது.

“அண்டை நாட்டில் ஒரு சொடக்குப் போடும் நேரத்தில் ஒரு சொல்லைப் படித்துவிடுகிறார்களாமே” என்றார் அரசர்.

“நம் குடிமக்கள் அரைச் சொடக்கில் படிப்பார்கள், அரசே” என்றார் கல்வி அமைச்சர் கீர்த்திவாசகர்.

அரைச் சொடக்குப் போடுவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. எனவே விரல்களைச் சேர்த்து, சத்தம் வருவதற்குள் நிறுத்திக்கொள்ளும் அலுவலர்கள் ஊர்தோறும் நியமிக்கப்பட்டார்கள். அந்த நேரத்துக்குள் அட்டையைத் திருப்ப முடியவில்லை. ஆகவே அட்டையின் முதுகைக் காட்டினால் போதும் என்று அடுத்த ஆணை வந்தது. அட்டைகள் எப்போதும் ஒரே வரிசையில் வந்ததால் மக்கள் வரிசையை மனப்பாடம் செய்துகொண்டார்கள். பார்த்துப் படிப்பவர்கள் பின்தங்கியவர்கள் என்று அறிவிக்கப்பட்டது. பின்தங்கியவர்களின் உப்புப் பாத்தி பறிக்கப்படும் என்றது அதற்கடுத்த ஆணை.

நாற்பதாவது அட்டை ‘சம்மதம்’. நாளடைவில் அலுவலர்கள் எந்தக் காகிதத்தையும் நாற்பதாவது அட்டையாகவே கொண்டுவந்தார்கள். முதுகைக் காட்டினார்கள், மக்கள் ‘சம்மதம்’ என்றார்கள். குடிநீர்க் குளம் அப்படித்தான் அரண்மனைக்குப் போனது. படகுத்துறையும் அப்படியே. மக்களே படித்துப் பார்த்துச் சம்மதித்ததாக அரசிதழ் எழுதியது.

அந்த ஆண்டுத் தேர்வுக்கு அமைச்சரே உப்பளத்துக்கு வந்தார். ‘நூற்றுக்கு நூறு படித்த நாடு’ என்ற சுவரொட்டி முந்தின நாளே ஒட்டப்பட்டிருந்தது. முந்நூறு பேரும் ஒவ்வொருவராக வந்து சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றார்கள். கடைசி ஆள் மாசானம்மாள். ஐம்பது வயதில் படிக்க வந்தவள், வகுப்பிலேயே மெதுவானவள். ஒரு பாத்தியைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

முப்பத்தொன்பது முதுகுகளுக்கும் சொல்லிவிட்டாள். நாற்பதாவதற்கு வாய் திறக்கவில்லை.

“சொல்லும்மா” என்றார் அமைச்சர்.

“மத்த அட்டையெல்லாம் அழுக்கா இருக்கு. இது மட்டும் புதுசா இருக்கே. திருப்புங்கய்யா.”

“திருப்பினால் நேரமாகும்.”

“ஆவட்டும். உப்பு விளையவும் நேரமாவத்தான் செய்யுது.”

பின்னாலிருந்து பக்கத்துப் பாத்திக்காரி பிரமு கத்தினாள். “ஏட்டி மாசானம், வெயிலு மண்டையப் பொளக்கு. அந்த ஒத்த வார்த்தைய சொல்லிட்டு வந்து தொலை.”

“நீ படிச்சியா பிரமு?”

“நான் எப்பவோ பாஸு.”

மாசானம்மாள் பேசாமல் நின்றாள். வடிவு கைகளைப் பிசைந்தாள், உதவுவது குற்றம். அமைச்சர் சுவரொட்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். இவளைத் தோற்கடித்தால் நூற்றுக்கு நூறு போய்விடும். இவளுக்குப் படிக்கவா தெரியப்போகிறது என்ற தைரியத்தில் அட்டையைத் திருப்பினார்.

அவள் படித்தாள். தெரிந்த சொற்களைப் பார்த்ததும் சொன்னாள். தெரியாதவற்றை ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுச் சொன்னாள். அவள் ஒரு சொல்லை முடித்து மறு சொல்லுக்குப் போகும்வரை முந்நூறு பேரும் காத்திருந்தார்கள்.

“தெற்கு... உப்...பளம்... முழு...வதையும்... அரண்மனைக்கு... விட்டுக்... கொடுக்க... எங்கள்... அனை...வருக்கும்...”

அங்கே நிறுத்திவிட்டாள்.

“அனைவருக்கும்னா?” என்றாள் பிரமு, மெதுவாக.

“நீயும் நானுந்தான்.”

“ஒரு சொல் பாக்கியிருக்கிறது” என்றார் கீர்த்திவாசகர். “உனக்கு அது தெரியுமா, தெரியாதா?”

“நல்லாத் தெரியும். பாத்ததுமே தெரிஞ்சுட்டு. சொல்ல மாட்டேன்.”

அலுவலரின் விரல்கள் சேர்ந்தபடியே இருந்தன. வடிவு அழுதாள், வருத்தத்தில் அல்ல.

மாசானம்மாள் தோற்றதாக அறிவிக்கப்பட்டாள். அன்று மாலைக்குள் முந்நூறு பேரும் தாங்களும் படிக்காமலே சொன்னதாகவும், எனவே தாங்களும் தோற்றவர்களே என்றும் தங்கள் கையாலேயே எழுதிக்கொடுத்தார்கள். நிறைய பிழைகள் இருந்தன. ஓர் ஊர் முழுவதும் தோற்றுவிட்டால் பாத்திகளை யார் பெயருக்கு மாற்றுவது என்று எந்த ஆணையிலும் இல்லாததால் உப்பளம் அவர்களிடமே நின்றது. குளம் திரும்பவில்லை. வடிவின் வேலை போயிற்று. உப்புக் கொட்டகையில் வகுப்பு நடத்துகிறாள். கீர்த்திவாசகர் வேறு துறைக்கு அமைச்சரானார். மாசானம்மாள் இப்போதும் மெதுவாகத்தான் படிக்கிறாள். உவர்நாட்டில் எந்தக் காகிதத்தையும் மக்கள் திருப்பிப் பார்ப்பதால் அரசாங்க வேலைகள் மிகத் தாமதமாக நடக்கின்றன. மற்ற நாடுகளில் எல்லாம் வேகமாக நடப்பதாகக் கேள்வி.