கற்கண்டு வரைந்த கட்டங்கள்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஹாரன் அடித்தால் மனிதர்கள் பேச்சை நிறுத்துவார்கள். ஹைபிட்ச் அக்கா பாடினால் ரயில்தான் நின்று யோசிக்கும். செங்கல்பட்டு முதல் கடற்கரை வரை அப்படியொரு வாய் கிடையாது. எந்தச் சபையிலும் சத்தியம் செய்வேன்.

சேலையூர்ப் பக்கம் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் அவர் முன்வரிசை, நான் பின்னால் டெனார், அதாவது ஆண்களின் மேல்குரல். அக்காவுக்குப் பெயர் ஒன்று இருந்திருக்கும். ஞானஸ்நானம் கொடுத்தவருக்கே அது மறந்திருக்கும். நாற்பதைத் தாண்டிய பிறகு பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே கட்டியிருக்கலாமேம்மா" என்று இழுத்தார் குழுவின் செயலாளர்.

"அப்போ மாப்பிள்ளை வீட்டுக்காகச் சிரிச்சேன் சார். இது எனக்கு."

கம்பி இருந்தவரை சாக்லேட் இல்லை, கலர் சோடா இல்லை, கேக்கை முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். ஒரே விலக்கு, பனங்கற்கண்டு. தொண்டைக்கு இதமாக ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்குவது பாடுகிறவர்கள் எல்லாரும் செய்வது. அக்காவின் கன்னத்திலோ அது குடியேற்றம். காலையில் ஒரு துண்டு வந்து அமரும். அது கரைந்ததும் பட்டா அடுத்த துண்டுக்கு மாறும்.

கம்பி கழன்றது. வரிசை நேர்த்தியான முத்து. ஆனால் ஒவ்வொரு பல்லிலும், கம்பியின் பட்டன் ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டதுபோல் வெள்ளைக் கட்டம். பல் டாக்டரிடம் துணைக்குப் போன நானும் பார்த்தேன்.

"ஸ்வீட்டே தொடலியே டாக்டர்!"

"அப்போ கன்னத்துல என்ன மேடம்?"

"இதுவா? இது மருந்தும்மா!"

அந்த இளம்பெண் டாக்டர் சிரிப்பை மாஸ்க்குக்குள் விழுங்கினார். "மருந்தோ விருந்தோ, பல்லுக்கு எல்லாம் சர்க்கரைதான். எனாமல்ல சத்து கரைஞ்சு போன இடம் இது. இன்னும் ஓட்டை விழல. கற்கண்டை நிறுத்துங்க. ஃபுளோரைடு பேஸ்ட்ல தேய்ங்க, நுரையைத் துப்புங்க, கொப்பளிக்காதீங்க. சில மாசம் போகட்டும். வெள்ளை மங்காத இடத்துல மட்டும் ரெசின்னு ஒரு பிசின் இறக்கிக்கலாம். பல்லைச் சீவ வேண்டாம்."

கற்கண்டை விட்டால் குரல் போய்விடும் என்பது அக்காவின் உயிர்ப்பயம். கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனிப்பாடல் வேறு அவருடையது. இருந்தும் டப்பாவை அங்கேயே குப்பைக் கூடையில் கவிழ்த்தார். மறுநாளிலிருந்து குழுவில் எவரும் பல் தேய்த்துக் கொப்பளிக்கக் கூடாது என்று சட்டம் போட்டார். பாஸ்டர் ஐயாவுக்கும் விலக்கில்லை.

ஒத்திகையில் செயலாளர் மெதுவாக ஆரம்பித்தார். "இந்த வருஷம் ஆராதனை லைவ்ல போகுது. க்ளோஸப்ல பல்லு ஒரு மாதிரி தெரியும். பேசாம கேப் போட்டுக்குங்களேன். இல்லாட்டி அந்தப் பாட்டை வேற யாராச்சும்…"

"நல்ல பல்லைச் சீவித் தொப்பி மாட்டணுமா? உங்க லைவுக்கா?"

"நாலு பேர் பார்ப்பாங்கம்மா."

"பார்க்கட்டும் சார். வாயை மூடிக்கிட்டுப் பாடுற பாட்டு உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, கத்துக்கறேன்."

ஆராதனை அன்று அக்கா மைக்கைத் தாண்டிக் கேமராவுக்கு நேராகப் போய் நின்றார். "தம்பி, நல்லா கிட்ட வா" என்றார். திரை முழுக்க வாய் விரிந்தது. கட்டங்கள் அத்தனையும் வெளிச்சத்தில் குளித்தன. பின்வரிசையில் செயலாளர் கண்களை மூடி ஜெபித்தார்.

உச்சத்துக்கு ஏறும்போது குரலில் லேசாகக் கீறல் விழுந்தது. அவர் பயந்தது அதற்குத்தான். ஆனாலும் வாயைச் சுருக்கவில்லை. இன்னும் அகலமாகத் திறந்து, கீறலோடே அந்தச் சுரத்தைப் பிடித்து நிறுத்தினார்.

அங்கே டெனார் நுழைய வேண்டும். நான் நுழையவில்லை. அந்தக் குரலின் மேல் என் குரல் விழ மனம் வரவில்லை.