ரேகை வாத்தியாரின் வடக்கு அறை

அந்த வருஷம் வெயில் முந்திக்கொண்டு வந்துவிட்டது. ரேகை வாத்தியார் வெறும் பனியனோடு தன் அறை நடுவில் நின்று ஒரு சபதம் எடுத்தார். கோடை முற்றுவதற்குள் மனைவியின் அறையைப் பிடித்தே தீருவது.

ரேகை வாத்தியார் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் பூகோளம், சாயங்காலம் வீட்டில் டியூஷன். பூமத்திய ரேகை, கடக ரேகை, மகர ரேகை என்று ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் முடிப்பார். நடுவில் எவனாவது "சார், ஒரு சந்தேகம்" என்றால் தொலைந்தான். பாடம் முடியும்வரை வெளியே வெயிலில் நிற்க வேண்டியதுதான். குறுக்கே பேசக் கூடாது என்பது அவருடைய ஒரே சட்டம். கல்யாணமான புதிதில் மனைவிக்கும் அதைச் சொல்லி வைத்திருந்தார்.

வீட்டில் இரண்டே அறைகள். நடுவில் பலகைத் தடுப்பு. தெற்கு ஜன்னல் வைத்த அறை அவருக்கு. வடக்கு ஜன்னல் வைத்த அறை மனைவியின் தையல்கூடம். பள்ளிக்கூடங்கள் திறப்பதற்குள் அவள் தைத்துக் கொடுக்க வேண்டிய யூனிஃபார்ம் துணி அங்கே கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

வாத்தியாரின் ஜன்னல் வழியே சூரியன் காலையில் நுழைந்தால், சொந்தக்காரன் மாதிரி சாயங்காலம்வரை கிளம்புவதில்லை. அவருக்கோ வெயில் பட்டால் ஒற்றைத் தலைவலி. பொத்தான் தைக்க வேண்டும் என்று சொல்லி அடிக்கடி வடக்கு அறைக்குப் போய் உட்காருவார். அங்கே வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. சட்டையில் அறுந்த பொத்தான்கள் தீர்ந்ததும், நன்றாக இருந்ததையும் அவரே அறுத்துக்கொண்டு போனார். ஆனால் விடுமுறை விட்டுவிட்டால் பகலெல்லாம் வீட்டில்தான். எத்தனை பொத்தானைத்தான் அறுப்பது?

துணி வெட்டிக்கொண்டிருந்த மனைவி முன்னால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு போய் நின்றார்.

"உன் கண்ணை நெனச்சாத்தான் எனக்குக் கவலையா இருக்கு."

"என் கண்ணுக்கு என்ன?"

"இந்த இருட்டுல தச்சுத் தச்சுக் கெட்டுப்போயிடும். என் ரூம்ல பாரு, எவ்வளவு வெளிச்சம்! நீ அங்க போயிடு. நான் எப்படியாவது இங்க சமாளிச்சுக்கறேன்."

கத்திரிக்கோல் நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"திடீர்னு என்ன இவ்வளவு அக்கறை?"

"திடீர்னா? எப்பவும் இருக்கறதுதான். வெளிய காட்டிக்க மாட்டேன்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். கத்திரிக்கோல் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அன்று சாயங்காலம் அவருக்குப் பாடத்திலேயே மனம் ஒட்டவில்லை. ஒரு பையன் கையில் பந்தைக் கொடுத்து, இன்னொருவன் கையில் டார்ச் லைட்டைக் கொடுத்து, வாய் பாட்டுக்கு ஒப்பித்துக்கொண்டே போனார். "இதெல்லாம் கற்பனைக் கோடுகள். எங்கேயும் காலில் தடுக்காது. ஆனால் சூரியன் கடக ரேகையையும் மகர ரேகையையும் தாண்டாது..." தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றிருந்தது. பாடத்துக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டார். பாவம், நல்லவள். அவளிடம் போய் இப்படி ஒரு திட்டமா என்று மனசாட்சி லேசாகக் குத்தியது. வெயில் அதைவிட பலமாகக் குத்தியதால் மனசாட்சியை அடக்கிவிட்டார்.

ஒரு வாரம் அவள் வாயே திறக்கவில்லை. வாத்தியாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஒருநாள் லாரி ஓட்டும் அவள் அண்ணன் வாசலில் வந்து நின்றார். மச்சானைக் கண்டால் வாத்தியாருக்குக் கொஞ்சம் பயம். அவர் கை ஒன்றே வாத்தியாரின் தொடை அளவு இருக்கும்.

"ரூம் மாத்தணுமாமே மாப்ள? மேசையத் தூக்க வந்தேன்."

"நான் மாறிக்கறேன்" என்றாள் மனைவி. "ஆனா ஒண்ணு. இந்தக் கட்டிங் மேசையக் கழட்டி அங்க பூட்டறது லேசான வேலை இல்ல. ஆர்டர் முழுக்க முடியற வரைக்கும் திரும்ப மாத்தச் சொல்லக் கூடாது."

"சொல்லவே மாட்டேன்!"

"அண்ணன் முன்னாடி சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். இரண்டு முறை பண்ணினார்.

"நான் சாட்சி, மாப்ள" என்று மச்சான் அவர் தோளைத் தட்டினார். தட்டிய வேகத்தில் வாத்தியார் சுவரோரம் போய் நின்றார்.

விடுமுறை ஆரம்பித்தது. வடக்கு அறையில் ராஜ வாழ்க்கை. காலை நீட்டிப் படுத்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் வெந்துகொண்டிருப்பவளை நினைத்து உச்சுக் கொட்டிவிட்டு, சுகமாகத் தூங்கினார். அவளும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

ஒருநாள் காலை அவர் எழுந்தபோது, ஜன்னலின் வலது ஓரத்தில் வெயில் ஒரு கோடாக விழுந்திருந்தது.

வாத்தியார் அதை உற்றுப் பார்த்தார். எதிர்வீட்டுக் கண்ணாடியில் பட்டு வருகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மறுநாள் கோடு கொஞ்சம் அகலமானது. அன்று சாயங்காலம் இடது ஓரத்திலும் ஒன்று விழுந்தது. அவர் பாயை நகர்த்தினார். வெயில் பின்னாலேயே வந்தது. போர்வையை நனைத்துக் கட்டி ஜன்னலை மறைத்தார். போர்வை காய்ந்ததே தவிர அறை குளிரவில்லை. வடக்குச் சுவரில் முதுகைச் சாய்த்தவர் அலறிக்கொண்டு எழுந்தார். தலைக்குள் ஒற்றைத் தலைவலி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

தலையில் ஈரத்துண்டோடு தடுப்பைத் தாண்டிப் போனார். தெற்கு அறை ஜில்லென்று இருந்தது. ஜன்னலில் சொட்டு வெயில் இல்லை. மனைவி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு காலர் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், தைத்து முடித்ததை லோடு ஏற்ற வந்த மச்சான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இங்க... வெயில் எங்க?" என்றார் வாத்தியார்.

"உங்க ரூமுக்கு வந்திருக்குமே, பாக்கலையா?"

"அதெப்படி? வடக்குப் பக்கம் எப்படி வெயில் வரும்?"

அவள் மெஷினை நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். அச்சு அசல் அவர் குரலில் ஆரம்பித்தாள்.

"பிள்ளைகளே! கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவிலே இருக்கிற வெப்ப மண்டலத்தில் வாழ்கிறவர்கள் நாம். கோடையில் சூரியன் நம் உச்சந்தலையைத் தாண்டி, வடக்கே கடக ரேகையை நோக்கிப் போகும். அப்போது நம் நிழல் தெற்கே விழும். வெயில் வடக்குச் சுவரில் அடிக்கும். இதைப் பரீட்சையில் கேட்பான்!"

மச்சான் கை தட்டினார்.

வருஷா வருஷம் அவரே சொன்ன பாடம். ஒரு வார்த்தை மாறவில்லை.

"மச்சான், அந்த மேசைய..." என்று மெல்ல ஆரம்பித்தார்.

"ஆர்டர் இன்னும் முடியல, மாப்ள" என்றார் மச்சான், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு.

வாத்தியார் மனைவி பக்கம் திரும்பினார்.

"இதெல்லாம் முன்னாடியே தெரியும்னா, அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எப்படிங்க சொல்றது? குறுக்கே பேசினா வெயில்ல நிக்க வெச்சிடுவீங்களே!"