நாலு மணிக்கு ஒரு பீப்

ஒரு கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று அறிவிக்கும் அதிகாரம் குமரி மாவட்டத்திலேயே ஒரே ஆளுக்குத்தான் இருந்தது. அவர்தான் ஒத்த பீப் அண்ணாச்சி. பூதப்பாண்டியில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த அறையில் பழைய கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்த்தார்.

பவர் பட்டனை அழுத்தியதும் எழுந்து நின்றுவிடுவார். "ஆரும் பேசப்பிடாது. உள்ள ஆஜர் எடுக்கான்" என்பார். ராம் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, ஹார்டு டிஸ்க் இருக்கிறதா என்று மதர்போர்டு ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்குமாம். எல்லாரும் வந்திருந்தால் ஒரே ஒரு பீப். விட்டு விட்டு நீளமாகக் கத்தினால் ராமைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரால் அதன் பல்லைத் தேய்ப்பார். சத்தமே வராவிட்டால் பெட்டியை வெள்ளைத் துண்டால் மூடிவிட்டு, "சொந்தக்காரவகளுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்பார். கொண்டுவந்தவர்கள் பாதிப்பேர் அப்போதே கண் கலங்கிவிடுவார்கள்.

அவரிடம் ஒருநாள் ஸ்டெல்லா டீச்சர் வந்தார். கணவர் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

"நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து கம்ப்யூட்டர்ல மார்க்கு ஏத்துவேன். அது கெளம்பதுக்கே கால் மணிக்கூர் ஆவும். அதுனால டெய்லி நாலு மணிக்கே அவிய போட்டு வைப்பாவ" என்றார்.

"செரி."

"இப்பமும் நாலு மணிக்கு ஓடுது அண்ணாச்சி."

நான் ஜெராக்ஸ் எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

டீச்சரின் அண்ணன் வரும் சனிக்கிழமை அதைப் பழைய இரும்புக்கடையில் போடப்போகிறாராம். டீச்சருக்கு அதைத் தொடவும் பயம், கொடுக்கவும் மனமில்லை. "அவியதான் வாறாவளான்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

மறுநாள் மூன்றரைக்கே போய்விட்டோம். துணைக்கு என்று அண்ணாச்சி என்னையும் இழுத்துப் போனார். யாருக்கு யார் துணை என்பது கடைசிவரை தெரியவில்லை. நாற்காலியில் அந்த மனிதருடைய துண்டு அப்படியே கிடந்தது. நாங்கள் மூவரும் தள்ளி உட்கார்ந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு மணி ஆனது. யாரும் தொடவில்லை. உள்ளே ஃபேன் சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது, ஒரு பீப் கேட்டது. நான் அண்ணாச்சியின் கையைப் பிடித்திருந்தேன். அது என் கையைவிடச் சில்லென்று இருந்தது.

"ஆளு ஆரோக்கியமாத்தான் இருக்கு" என்று எழுந்தார் அண்ணாச்சி. பிறகு அதை ஒருமுறை நிறுத்தி, திரும்பப் போட்டு, டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் பதிந்திருக்கும் பயாஸுக்குள் போனார். நீலத் திரையில் தேடித் தேடி ஓரிடத்தில் விரலை வைத்தார். தினமும் நாலு மணிக்குத் தானே எழுந்துகொள்ளும்படி அங்கே பதிந்திருந்தது.

டீச்சரின் முகம் விழுந்துவிட்டது. "அப்பம், அவிய இல்லியா?"

அண்ணாச்சி திரையிலிருந்து விரலை எடுத்தார். "அவியதான் டீச்சரே. நீங்க வந்து காத்துக் கெடக்காண்டாம்னு ஒங்களுக்காவ எழுதி வச்சிற்றுப் போயிருக்காவ. இத ஆருக்கும் குடுக்காண்டாம்."

டீச்சர் அந்தத் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் காப்பி போட உள்ளே போன நேரத்தில் அண்ணாச்சி மூடியைக் கழற்றித் தூசி தட்டினார், என்னென்னவோ செய்தார். பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும் என்று டீச்சர் அன்றே அண்ணனுக்குப் போன் செய்துவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து எட்டணாக் காசு அளவில் ஒன்றை எடுத்துக் காட்டினார். மதர்போர்டில் இருக்கும் பேட்டரி. கரண்ட் போனாலும் நேரத்தையும் பதிந்ததையும் மறக்காமல் வைத்திருப்பது அதுதான்.

"மீட்டர் வச்சுப் பாத்தேன் மக்கா. சைபர். செத்து வருசக்கணக்காச்சு."

"நம்மூர்ல டெய்லி கரண்ட் போவுதே அண்ணாச்சி. அப்பவே எல்லாம் அழிஞ்சிருக்கணுமே?"

"அழிஞ்சிருக்கணும்."

"பொறவு எப்பிடி நாலு மணிக்கு?"

"எனக்குத் தெரியாது மக்கா. புது பேட்டரி போட்டு நாலு மணிய நானே பதிஞ்சிற்று வந்திட்டேன். டீச்சர்ட்ட சொல்லிராத." பேட்டரியைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

போன மாசியில் அண்ணாச்சி இறந்துவிட்டார். டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அவர் போட்ட பேட்டரியைச் சென்ற வாரம் நான்தான் மாற்றினேன். பழையதை மீட்டர் வைத்துப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. நாலு மணி என்று பதிந்துவிட்டு, சரிதானா என்று கேட்கப் பக்கத்தில் திரும்பினேன். அண்ணாச்சியை எனக்கு ரொம்பத் தேடுகிறது.